எப்சிக்குப் பதிலாக

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை ஐந்தே முக்காலுக்கு அம்மா இறந்துபோனாள். தொண்ணூற்று நான்கு வயது.

கதவைச் சாத்திக்கொண்டு நான் ஒருத்தியாகவே குளிப்பாட்டினேன். முதுகுப் புண்ணில் ஒட்டியிருந்த பஞ்சை வெந்நீர் விட்டுப் பிரித்தேன். இரண்டு வருடமாகச் செய்த வேலைதான். குமட்டவில்லை. அதற்குப் பிறகு வந்த சனங்களிடம் பேசும்போதுதான் குமட்டியது.

"கடைசியா என்ன சொன்னாவ?" இதுதான் எல்லாருக்கும் வேண்டியிருந்தது. "இயேசுவேன்னு சொன்னா" என்றேன். சுற்றி நின்றவர்கள் "ஸ்தோத்திரம்" என்றார்கள். மூன்றாவது ஆளுக்குச் சொல்லும்போது அது "இயேசுவே, வாரேன்" ஆகியிருந்தது. மத்தியானம் யாரோ ஒரு பெண் அதை எனக்கே திருப்பிச் சொன்னாள்: "ரெண்டு கையையும் மேல தூக்கி, மொகம் அப்படியே பிரகாசிச்சுதாமே?" அம்மா கையைத் தூக்கி எட்டு மாதம் ஆயிற்று. ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சென்னையிலிருந்து சாம்ராஜ் அண்ணனும் விமலா மதினியும் வந்துவிட்டார்கள். தம்பி எட்வின் அமெரிக்காவிலிருந்து வியாழக்கிழமைதான் வருவான். அதுவரை அம்மா ஐஸ் பெட்டிக்குள் கிடக்க வேண்டும். ரோஜாமாலை, கூட்டத்தின் வியர்வை, மதினியின் சென்ட் மூன்றும் கலந்த வாடை வீட்டுக்குள் அப்படியே நிற்கிறது.

தெருமுனையில் ஃபிளெக்ஸ் போர்டு வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். அம்மா கழுத்தில் இரட்டைவடச் சங்கிலி. காதில் கம்மல். நிறத்தையும் வெளுக்க வைத்திருக்கிறார்கள்.

"இது யாரு பண்ணுனது?" என்று கேட்டேன்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் மதினி. "வெறுங்கழுத்தா இருந்தா நல்லாவா இருக்கும்? எங்க சைடுலருந்து ஆளுங்க வருவாங்க, குணசீலி."

அம்மா பத்தொன்பது வயதில், ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் நகையைக் கழற்றி வைத்தவள். அப்பா தாலிக்கொடி செய்யச் சொன்னபோதும் கறுப்புக் கயிறு போதும் என்றாளாம். காதுத் துளைகள் தூர்ந்தே போய்விட்டன. எழுபத்தைந்து வருட வைராக்கியத்தை ஸ்டுடியோக்காரன் ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டான்.

ஆகஸ்ட் 6, புதன்

"நீதான டீச்சரு. வாழ்க்கைக் குறிப்பு ரெண்டு பக்கம் எழுதிரு. நல்லபடியா எழுது" என்று அண்ணன் தாளைக் கொடுத்தான். அடக்க ஆராதனையில் குருவானவர் வாசிப்பார். அதையே ஞாபகார்த்தப் புத்தகத்திலும் போடுவார்களாம்.

நல்லபடியாக எழுத நிறைய இருக்கிறது. பனையேறியின் மகள். மிஷன் போர்டிங்கில் ஒரு வேளைக் கஞ்சி குடித்துப் படித்து, பதினேழு வயதில் டீச்சர் ஆனாள். நாற்பத்தொரு வயதில் எங்கள் அப்பாவைப் பறிகொடுத்தாள். அன்றிலிருந்து விடியற்காலை நாலு மணிக்கு முழங்காலில் நிற்பாள். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிப்பானையில் போடுவாள். வீட்டில் அரிசி போதாத நாளில் எங்கள் பங்கிலிருந்து அந்தப் பிடி போகும். சனிக்கிழமைதோறும் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடப்பாள். அறுபது பெண்களுக்காவது எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்திருப்பாள். பேரப்பிள்ளைகள் ஐந்து பேரையும் தினமும் பெயர் சொல்லி ஜெபிப்பாள். ஒன்றுகூடப் பொய்யில்லை.

எழுபத்தேழு வெள்ளத்தில் கீழத்தெரு முழுக்கத் தண்ணீருக்குள் போனது. பள்ளிக்கூடச் சாவி மேனேஜரிடம் இருந்தது, அவர் வெளியூரில். அம்மா அம்மிக்குழவியால் பூட்டை உடைத்து அத்தனை பேரையும் உள்ளே ஏற்றினாள். ஒன்பது நாள் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள். ஊற்றினாள் என்பதுதான் சரியான சொல். கரண்டி அவர்கள் பாத்திரத்தில் படாது.

இந்தக் கடைசி வரியை எழுதவில்லை.

கடைசியில் பிள்ளைகள் பெயர். சாம்ராஜ், குணசீலி, எட்வின். அண்ணனுக்கு அடுத்து, எனக்கு மூத்தவளாக எப்சிபா என்று ஒரு பெயர் உண்டு. அண்ணன் தாளை வாசித்தான். மடித்துப் பையில் வைத்தான். அவனும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எப்சியக்கா நர்ஸ் வேலையில் இருந்தாள். எண்பத்தொன்பதில் கீழத்தெரு தேவஇரக்கத்தைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவரும் எங்கள் சபைதான். ஒரே ஞானஸ்நானத் தொட்டி, ஒரே திருவிருந்துக் கிண்ணம். ஆனால் அவர்கள் உட்காருவது கடைசி பெஞ்சில். சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தவளை அம்மா அப்பாவின் தோல் பெல்ட்டால் அடித்தாள். பிறகு முழங்காலில் நின்று ஜெபித்தாள். பிறகு வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்த அவள் பெயரை பிளேடால் சுரண்டினாள். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அடுத்த மாதம் எனக்கு நிச்சயம் வைத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

அது போகட்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஐஸ் பெட்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீரைப் பிடிக்க வைத்த சட்டியை நான்கு முறை கொட்டினேன். வீட்டில் பதினான்கு பேர் இருக்கிறார்கள். ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அடக்கம் முடிந்தது.

இரண்டு கேமராக்காரர்கள். ஒருவன் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, பெட்டியத் தொட்டு இன்னொருக்க அழுங்க, லைட் சரியா விழல" என்றான். நான் அழவே இல்லை. வேறு யாரோ அழுததைப் பார்த்துவிட்டு அது நான் என்று நினைத்திருக்கிறான்.

விமலா மதினி சாட்சி சொன்னாள். "அத்தைக்கு நான் மருமக இல்ல, மக. என் கையால கஞ்சி குடுத்தாத்தான் குடிப்பாங்க." மைக்கில் விம்மினாள். அவள் இந்த வீட்டுக்குக் கடைசியாக வந்தது போன வருடத்துக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு. அம்மாவின் அறை வாசலில் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

குருவானவர் புதியவர், அம்மாவைப் படுக்கையில்தான் பார்த்திருக்கிறார். நான் எழுதிக் கொடுத்த வெள்ளக் கதையைப் பிடித்துக்கொண்டார். "சாதி பார்க்காத தாய்!" என்றார். முன்பெஞ்சுகள் ஆமென் என்றன. நான் திரும்பிக் கடைசி பெஞ்சுகளைப் பார்த்தேன். அங்கே ஒரு வாயும் அசையவில்லை.

குழி மூடி வந்த கையோடு பந்தலில் கோழி பிரியாணி. மண் ஒட்டிய விரல்களை வேட்டியில் துடைத்துவிட்டு இலையில் வைத்தார்கள். எலும்பைக் கடித்துத் துப்பினார்கள். எட்வின் போனை நீட்டினான். "சீலியக்கா, லைவ்ல ஆயிரத்து எண்ணூறு பேரு பாத்துருக்காங்க!" அவன் உதட்டில் எண்ணெய் மினுங்கியது. என் தம்பிதான். நான் தூக்கி வளர்த்தவன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

அம்மாவின் மெத்தையையும் ரப்பர் ஷீட்டையும் பின்பக்கம் போட்டு எரித்தேன். எட்வின் அறைக்குள் எதையோ பீய்ச்சி அடித்துக்கொண்டே இருந்தான். மூத்திர வாடையோடு எலுமிச்சை வாடையும் சேர்ந்து, முன்பைவிட மோசமாகிவிட்டது.

அவன் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த பெரிய பொத்தான் வைத்த போன் தலைமாட்டில் கிடந்தது. எடுத்து அமுக்கிப் பார்த்தான்.

"அம்மா யாருக்குமே போன் பண்ணலியாக்கா? நாங்க போட்டதுதான் இருக்கு. இங்கருந்து ஒண்ணுகூட போகல."

"கை நடுக்கத்துல அவளுக்கு எங்கன அமுக்க முடியுது?"

"நீ போட்டுக் குடுத்துருக்கலாம்ல?"

நான் சாம்பலைக் கிண்டப் போனேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

எப்சியக்கா வந்தாள்.

யாரும் சொல்லி அனுப்பவில்லை. அந்த லைவ் வீடியோவை யாரோ அவளுக்குக் காட்டியிருக்கிறார்கள். அதைக் கண்டதும் கல்லறையில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். மத்தியான வெயில். கையில் குடை. முப்பத்தாறு வருடத்துக்குப் பிறகு இந்த வீட்டு நடையில் செருப்பைக் கழற்றினாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. அம்மா ஜாடை அப்படியே வந்திருக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

சாம்ராஜ் அண்ணன் நாற்காலியைவிட்டு எழும்பவில்லை. "வா" என்றான், கடன்காரனிடம் சொல்வதுபோல. மதினி உள்ளே போய்விட்டாள். எட்வினுக்கு என்ன முகம் வைப்பது என்று தெரியவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். யாரும் காப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை.

"அம்மா படுத்திருந்த எடத்தப் பாக்கணும்" என்றாள். கூட்டிப்போனேன். கட்டில்கூட வெளியே போட்டாயிற்று. வெறும் தரை. ஈரம் ஊறிய சிமெண்ட்டில் கட்டில் கால் பதிந்த நாலு தடம். அவள் குனிந்து அதைத் தொட்டாள்.

"சீலி, ஒண்ணே ஒண்ணு கேக்குதேன். அம்மா என்னயக் கேட்டாளா?"

"இல்ல."

"ஒருக்ககூடவா?"

"நெனவே இல்லாமத்தான் கெடந்தா."

தலையை மெல்ல ஆட்டினாள். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பத்து நிமிடம்கூட இருக்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சாம்பார் ஊசிவிட்டது என்று சொல்லிக் கீழே கொட்டினேன். ஊசவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

எட்வினுக்கு லீவு முடிகிறது என்பதால் ஞாபகார்த்த ஆராதனையைப் பத்து நாளிலேயே வைத்துவிட்டார்கள். பளபளப்பான தாளில் புத்தகம். அட்டையில் சங்கிலி போட்ட அம்மா. வாழ்க்கைக் குறிப்பை இந்தத் தடவை நானே வாசிக்க வேண்டும் என்று குருவானவர் சொல்லிவிட்டார்.

வாசித்தேன். முப்பத்தைந்து வருடம் வகுப்பில் சத்தமாக வாசித்த குரல், பிசிறவில்லை. "அன்னாருக்குப் பிள்ளைகள் மூவர்" என்ற இடத்திலும் பிசிறவில்லை. இறங்கி வரும்போது பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒங்கள மாதிரி மக யாருக்கு வாய்க்கும் டீச்சர்? கலியாணமும் பண்ணாம, தாய்க்குன்னே வாழ்ந்துட்டியளே."

கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் போய் வாந்தி எடுத்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இதையும் எழுதாவிட்டால் இந்த டைரி எதற்கு?

அம்மா கேட்டாள். போன வருடம் ஈஸ்டர் கழிந்து ஆரம்பித்தது. "எப்சிக்கு ஒரு போன் போடுட்டீ" என்றாள். நம்பர் என்னிடம் உண்டு. கீழத்தெருவில் எப்போதோ வாங்கி வைத்தது. போனைக் கையில் எடுத்தேன். ஒரு பொத்தானையும் அமுக்காமல் அம்மா காதில் வைத்தேன். "மணி அடிக்கு, எடுக்க மாட்டேங்கா" என்றேன். "வேலையா இருப்பா. பொறவு போடு" என்றாள். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். மூன்று மாதம் நான் அந்தச் செத்த போனை அவள் காதில் வைத்தேன். அவள் ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்பாள்.

விடியற்கால ஜெபத்தில் பேரப்பிள்ளைகள் ஐந்து பேருக்குப் பிறகு, "பேரு தெரியாத எப்சி பிள்ளைகளையும் காரும் ஆண்டவரே" என்று சேர்த்துக்கொண்டாள். "எத்தன பிள்ளைட்டீ அவளுக்கு? பேரு என்ன?" என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியும். இரண்டு பெண்கள். தெரியாது என்றேன்.

எனக்குக் கோபம். பீயும் மூத்திரமும் அள்ளியது நான். புண்ணைத் துடைத்தது நான். ஓடிப்போனவளைக் கூப்பிடுகிறாள் கிழவி. என் பெயரைச் சொல்லி ஒரு நாளாவது ஆசையாகக் கூப்பிட்டாளா? "சீலி, அதை எடு. சீலி, இதைத் துடை." அவ்வளவுதான்.

பிறகு நினைவு தடுமாறியது. ஒரு சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்சி, வந்துட்டியா?" என்றாள். "வந்துட்டேம்மா" என்றேன். சும்மா வாயடைக்கத்தான் சொன்னேன். அவள் என் புறங்கையைத் தடவ ஆரம்பித்தாள். அந்த மாதிரி அம்மா என்னைத் தடவியதே இல்லை. அடுத்த நாள் அவள் கூப்பிட வேண்டும் என்று நானே காத்திருந்தேன். எழுதவே கூசுகிறது.

கடைசி ராத்திரி தெளிவாகப் பேசினாள். "பெல்ட்டால அடிச்சேன் பாரு, ரொம்ப வலிச்சுதாட்டீ? நான் செஞ்சது பாவம். கோயிலுக்குள்ள உக்காந்துகிட்டே செஞ்ச பாவம். என்னய மன்னிச்சிரு எப்சி."

"மன்னிச்சிட்டேம்மா" என்றேன்.

அவள் அதற்குப் பிறகு பேசவில்லை. இதுதான் கடைசி வார்த்தை. "இயேசுவே, வாரேன்" நான் இட்டுக்கட்டியது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆராதனைக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

கீழத்தெருவில் விலாசம் கேட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி நாகர்கோவில் போனேன். எப்சியக்கா வீடு ஒரு சந்துக்குள், பச்சைக் கேட். கதவைத் திறந்தது தேவஇரக்கம். அவரை நேருக்கு நேராகப் பார்த்தது இதுதான் முதல் தடவை. இத்தனை வருடமும் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. "அந்த ஆளு" என்றுதான்.

"வாங்க டீச்சர். உக்காருங்க. வெயில்ல வந்துருக்கிய." எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார்.

கையை நீட்டினேன். தம்ளருக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, அதுவாகவே நின்றது. நாக்கின் அடியில் ஏதோ சுரந்தது. எல்லாரையும் பார்த்துக் குமட்டிக்கொண்டு திரிந்தேனே, அதே குமட்டல். ஒரு வீட்டுத் தண்ணீரைப் பார்த்து. பிறகு வாங்கி முழுவதையும் குடித்தேன். அவர் பார்த்துவிட்டார். அக்காவும் பார்த்துவிட்டாள்.

"எதுக்கு வந்த?" என்றாள் அக்கா.

சொன்னேன். அமுக்காத பொத்தான், பேர் தெரியாத பிள்ளைகள், கையைத் தடவியது, எல்லாம். தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். கடைசி ராத்திரியைச் சொல்லி முடித்தபோது அவள் கேட்டாள்.

"நீ என்ன சொன்ன?"

"மன்னிச்சிட்டேன்னு சொன்னேன்."

"யாரு மன்னிச்சது?"

காலித் தம்ளரைத் தரையில் வைத்தேன்.

"அடி வாங்குனது நான். முதுகுல இன்னும் தடம் இருக்கு. மன்னிக்கதும் மன்னிக்காததும் என் பாடு. என் பேர்ல மன்னிக்க நீ யாருட்டீ?" அவள் சத்தம் போடவில்லை. "நான் மாட்டேன்னுகூட சொல்லிருப்பேன். இல்ல, ஓடி வந்து காலைப் புடிச்சிருப்பேன். ரெண்டுல எதுன்னு எனக்கே தெரியாமப் போச்சே. இனி எப்படித் தெரியும்?"

மிக்ஸியோ என்னவோ பக்கத்து வீட்டில் ஓடி நின்றது. அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"அம்மா எப்படிச் சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லு."

"அக்கா, வேண்டாம்."

"சொல்லு."

சொன்னேன். அம்மாவின் இழுப்போடு, மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கி. என் வாயிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொருக்க."

மறுபடி சொன்னேன்.

"இன்னொருக்க."

மூன்றாவது தடவை "என்னய மன்னிச்சிரு எப்சி" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அது அம்மா சொன்னதா, நான் சொன்னதா என்று எனக்கே புரியவில்லை. அக்கா எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை, ஆனால் திரும்பி வரவும் இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தேவஇரக்கம்தான் வந்தார். "அவ இப்ப வர மாட்டா. வாங்க, ஒங்கள பஸ் ஏத்தி விடுதேன்" என்றார்.

பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்து வந்தார். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிவந்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

"இது சீல் ஒடைக்காதது, டீச்சர். தாகத்துக்கு வச்சிக்கிடுங்க."

குத்திக் காட்டுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை.

"ஒங்க அம்மா எங்க தெருவுக்கு ஜெபம் பண்ண வருவாங்கள்ளா? எங்க அம்மா அவங்களுக்குன்னே கடையில கலர் சோடா வாங்கி வைப்பா, மூடி தொறக்காம. அவங்க கண்ணு முன்னாலதான் தொறக்கணும். அப்பத்தான் குடிப்பாங்க. எங்களுக்கு அது பழகிப்போச்சு" என்றார். பஸ் நகர்ந்தது. கையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

வீடு வந்து சேரும்வரை அந்தப் பாட்டிலை மடியில் வைத்திருந்தேன். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. மூடியைத் திருக முடியவில்லை.